கைவினை கேள்வி–பதில்: பெட்டி காய்ந்ததும் கண் விடுவது ஏன்?

கேள்வி: வீட்டில் நிற்கும் செம்மறிகளின் மயிரைக் கத்தரித்துக் கம்பளி நூல் திரிக்கலாமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: திரிக்க வராது. நம் பகுதியின் நாட்டுச் செம்மறி இறைச்சிக்குரியது. அதன் உடலில் இருப்பது குட்டையான, முரட்டு மயிர். கம்பளி இழைக்குச் சுருளும் நுண்ணிய செதிலும் உண்டு. முறுக்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நேர் மயிர் வழுக்கி விலகிவிடும். தமிழ்நாட்டின் நீலகிரிச் செம்மறி போன்ற இனங்களுக்குத்தான் அந்தக் கம்பளி. வன்னியில் இழை வேண்டுமென்றால் பனையையும் தென்னையையும் பாருங்கள்.

கேள்வி: பனையோலைக்குச் சாயம் காய்ச்சினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது. இழைத்த பெட்டியும் காய்ந்தபின் கண் விடுகிறது, இழைகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. என்ன பிழை?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: இரண்டு பிழைகள். முதலாவது மெழுகு. ஓலையின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கும். அது போகாத இடத்தில் சாயம் ஏறாது. வெயிலில் காய்ந்த குருத்தோலையை மட்டும் எடுங்கள். விரிந்து முதிர்ந்த சார்வோலையில் நிறம் மங்கித்தான் தெரியும். ஒரு கிலோ ஓலைக்கு 20 லீற்றர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 15 நிமிடம் கொதிக்கவிட்டு, வழுவழுப்புப் போகும்வரை அலசுங்கள். அலசலில் அவசரப்பட்டால் அடுத்த வேலையெல்லாம் வீண்.

சாயத்தூள் 10 முதல் 20 கிராம். சிறிது வினாகிரியில் குழைத்து, சுடுநீரில் கரைத்து, துணியில் வடியுங்கள். கரையாத மணி ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஓலைக்கு வழக்கமாக விற்கும் சாயம் தொட்ட இடத்தை உடனே பிடித்துவிடும். அதனால் இளஞ்சூட்டில் ஓலையை இறக்கி, பாதிச் சாயம் விட்டுப் புரட்டி, சூடேறியபின் மீதியை விடுங்கள். அரைமணி நேரம் போதும். நிழலில் உலர்த்துங்கள், இந்தச் சாயங்கள் வெயிலில் வெளிறும், விற்கும் பெட்டியைக் கடை வாசலில் தொங்கவிடவும் கூடாது.

இரண்டாவது பிழை ஈரம். கண் விடுவதற்குக் காரணம் அதுதான். ஊறிய ஓலை அகலத்தில் ஊதும், காய்ந்ததும் ஒடுங்கும். வளைக்கச் சுகம் என்று தண்ணீரில் போட்டு இழைப்பவர்கள்தான் அதிகம். கீற்றாக வார்ந்த ஓலையை ஈரத்துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்தால் போதிய பதம் வரும். இழைத்ததை ஒருநாள் காயவிட்டு, இழைகளை விரலால் நெருக்கிய பிறகே விளிம்பை மடியுங்கள். கடகமென்றால் மட்டை நாரால் விளிம்பு கட்டுவதும் அதன்பிறகுதான்.