அலமாரிக் கதவுக்கு அடியில் ஒரு கடிதம்

கேள்வி: என் கணவர் எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். காரியம் முடிந்த பிறகு அவள் அழுது நான் பார்க்கவே இல்லை. ராத்திரி ஒரு மணி வரை 'டிவைன் ரைவல்ஸ்' என்று ஓர் ஆங்கில நாவல் படிக்கிறாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. கடவுள்கள், மந்திரம், காதல் என்று ஏதோ கதை. "அப்பா போன வீட்டில் காதல் கதை கேட்குதா?" என்கிறார் நாத்தனார். புத்தகத்தை வாங்கி வைத்துவிடட்டுமா? என் கணவர் இறந்த அன்று காலையில் செல்போனுக்காக அவருக்கும் மகளுக்கும் ஒரு சின்னச் சண்டை வேறு.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் சகோதரி, புத்தகம் அவளிடமே இருக்கட்டும். உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் அதைப் படித்தேன்.

ரெபெக்கா ராஸ் எழுதி 2023-ல் வந்த நாவல். இரண்டு கடவுள்களுக்கு இடையே போர். ஐரிஸ் என்ற 18 வயதுப் பெண்ணின் அண்ணன் அந்தப் போருக்குப் போகிறான். அவனிடமிருந்து ஒரு வரிகூட வருவதில்லை. குடியில் மூழ்கிய அம்மாவும் விபத்தில் இறந்துபோகிறாள். ஐரிஸ் தன் பாட்டியின் தட்டச்சுப் பொறியில் அண்ணனுக்குக் கடிதம் அடித்து, அலமாரிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். கடிதங்கள் மாயமாகிவிடுகின்றன. அவை போய்ச் சேருவது அவளோடு பத்திரிகையில் போட்டி போடும் ரோமனின் அறைக்கு. ஒருநாள் அவன் பதில் எழுதுகிறான். நாத்தனார் பயப்படும் காதல் அங்கேதான் தொடங்குகிறது: ஒருத்தியின் துக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு ஒருவன் பதில் போட்டான், அவ்வளவுதான்.

அந்த ரோமனுக்கு ஒரு தங்கை இருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டாள். தன்னால்தான் என்று அவன் நம்புகிறான்.

இதைப் படித்ததும் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'சின்னச் சண்டை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது சின்னது. அவளுக்கு, அப்பாவிடம் கடைசியாகப் பேசிய பேச்சு. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் 'என்னால்தானோ' என்ற எண்ணம் இந்த வயதில் சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இதய ரத்தக் குழாயில் பல வருடங்களாகப் படிந்த கொழுப்புதான் பெரும்பாலும் மாரடைப்பில் கொண்டுபோய் விடுகிறது, ஒரு காலைச் சண்டையில் அந்த அடைப்பு உண்டாவதில்லை என்று நேரடியாகவே சொல்லுங்கள். சண்டை போட்ட அன்றும் அப்பாவுக்கு அவள் செல்லம்தான் என்பதையும் சொல்லுங்கள். அதை உங்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

அழாதது பற்றி: நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற உளவியலாளர்கள் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கப்படுகிறவர்கள் இழப்புக்குள் கொஞ்ச நேரம் போவார்கள், அப்புறம் வெளியே வந்து அன்றாட வேலையைப் பார்ப்பார்கள், மறுபடி உள்ளே போவார்கள். இப்படிப் போய்வருவது இயல்பு. உங்கள் மகள் ராத்திரியில், கதைக்குள் புகுந்து அதைச் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஒரு மணிவரை விழிப்பதை மட்டும் மெல்லக் குறைக்கப் பாருங்கள். சாப்பாடு, படிப்பு, தோழிகள் எல்லாவற்றையும் அவள் விட்டுவிட்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினாலோ நாள் கடத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் எண் 14416. அரசின் இலவச உதவி எண், தமிழிலும் பேசலாம்.

முதல் பாகம் பாதியில் அறுந்ததுபோல முடிகிறது. அடுத்த பாகம் 'ரூத்லெஸ் வாவ்ஸ்' என்ற பெயரில் வந்திருக்கிறது. நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஆங்கிலம் படிப்பது சிரமம் என்றால் அவளையே கதை சொல்லச் சொல்லுங்கள், ராத்திரி பாத்திரம் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ. ரோமனின் தங்கை வரும் இடத்தில் அவள் குரல் தடுமாறினால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.