ஆள்காட்டி முட்டையும் ஐநூறு லைக்கும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. காலை நடைக்குக் குளத்தங்கரைப் பக்கம் போகும்போது பார்க்கும் பறவைகளைப் பல வருடங்களாகத் தேதி போட்டு நோட்டில் எழுதி வருகிறேன். மொபைலில் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து வாட்டர் கலரில் வரைவேன். மகள் சொன்னாளே என்று ஆன்லைனில் ஒரு பறவைக் குழுவில் பகிர ஆரம்பித்தேன். மே மாதம் ஒரு காலி மனையில் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்ததைப் படம் எடுத்து, இடத்தையும் சொல்லிப் போட்டேன். ஐநூறு லைக். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். இரண்டு நாளில் முட்டைகளைக் காணோம். மனசே சரியில்லை. என் ஓவியம் ஒன்றை வேறு யாரோ தன்னுடையது மாதிரி போட்டுக்கொண்டதும் நடந்தது. “இதெல்லாம் உனக்குத் தேவையா?” என்கிறார் கணவர். நிறுத்திவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள டீச்சர், நிறுத்த வேண்டாம். எதை, எப்போது, எங்கே போடுவது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த முட்டைகள். மே மாத நெல்லை வெயிலில் ஆள்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க மட்டுமல்ல, சூடு ஏறிவிடாமல் காக்கவும்தான். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். சுற்றி ஆட்கள் நின்றால் தள்ளிப்போய்க் கத்திக்கொண்டே இருக்கும். முட்டை திறந்த வெயிலில் கிடக்கும். அந்தக் கத்தல் காக்கைக்கும் கேட்கும், கீரிக்கும் கேட்கும். உங்கள் முட்டைகளை எது கொண்டுபோனது என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஆளே வராத இடத்திலும் தரையில் இடும் முட்டைகளில் நிறைய இப்படிப் போவதுண்டு. அதனால் மொத்தப் பழியையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்வரை படமும் வேண்டாம், இடமும் வேண்டாம். ஆள்காட்டி அடைகாப்பது ஏறக்குறைய நாலு வாரம். பொரித்த உடனேயே குஞ்சுகள் நடக்க ஆரம்பித்துவிடும். அவை வளர்ந்து பறந்துபோன பிறகு முழுக் கதையையும் போடுங்களேன். முட்டையிலிருந்து பறக்கும்வரை தொடர்கதையாக வரும்போது ஒற்றைப் படத்தைவிட அது நன்றாகவே இருக்கும்.

“அப்படியென்றால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்களே?” என்பீர்கள். எழுதலாம், தாராளமாக. அங்கே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. காவலுக்கு ஊரே இருக்கிறது. உங்கள் காலி மனைக்கு யார் இருந்தார்கள்? இடத்தைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

இடத்தை நீங்கள் சொல்லாமலே படம் சொல்லிவிடுவதும் உண்டு. மொபைல் கேமரா செட்டிங்கில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். பின்னால் தெரியும் கடை போர்டு, மின்கம்பத்தில் எழுதிய எண், இதையெல்லாம் வைத்தே உள்ளூர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். வெட்டிவிடுங்கள். வெளியூர்ப் பயணப் படங்களை ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். வீடு பூட்டிக் கிடப்பதை ஊருக்கு அறிவிப்பானேன்!

ஓவியம் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்த கணமே உரிமை உங்களுடையது. எங்கும் பதிவு செய்தாக வேண்டியதில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் அது செல்லும். மூலத் தாளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் சிறிய அளவுப் படத்தை மட்டும் ஏற்றுங்கள். கையெழுத்தை ஓரத்தில் போடாமல் இறகுக்குப் பக்கத்தில் போட்டால் வெட்டி எடுப்பது கஷ்டம். எடுத்தவருக்கு முதலில் மரியாதையாக ஒரு வரி எழுதிப் பாருங்கள், பலர் அதிலேயே நீக்கிவிடுவார்கள். இல்லையா, அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் கொடுக்க வழி இருக்கும். ஒன்று மட்டும்: அடுத்தவர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால், அவரைக் கேட்காமல் நீங்களும் வெளியிடக்கூடாது. பழகுவதற்கு வரைந்து வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஓவியமோ லைக்கோ இல்லை, அந்த நோட்டு. தேதி, இடம், பறவை மூன்றும் இருக்கிறதல்லவா? அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய ‘ஈபேர்ட்’ என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பழைய பதிவுகளையும் ஏற்றலாம். மணி தெரியாவிட்டால் ‘ஹிஸ்டாரிகல்’ என்று ஒரு வகை இருக்கிறது, அதில் போடுங்கள். வாலாட்டிக் குருவி எந்த வருடம் எந்த வாரத்தில் உங்கள் குளத்துக்கு வந்தது என்பது உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லாமல் இருக்கலாம். ஆபத்தில் இருக்கும் சில இனங்களின் சரியான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடும். ஆனால் ஆள்காட்டி அந்தப் பட்டியலில் வராது, அதன் கூட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. வீட்டு மாடியிலிருந்து பார்த்ததைப் பதியும்போது வீட்டை அப்படியே புள்ளியாக வைக்காமல், தெருவைப் பொதுவாகக் குறித்தால் போதும்.

லைக் பற்றி நான் கொஞ்சம் கறாரான ஆள். மீன்கொத்திக்கு முந்நூறு விழும், தவிட்டுக்குருவிக்கு ஏழு விழும். ஆறு மாதம் இப்படிப் போனால் தவிட்டுக்குருவி பக்கம் கேமரா திரும்பவே திரும்பாது. நோட்டிலிருந்தும் மெல்ல மறைந்துவிடும். ஏற்கெனவே அந்த வழியில் போனவர்களின் பக்கங்களைப் பாருங்கள், எல்லாம் ஒரே மீன்கொத்தி! அதனால் பறவைக் கணக்கு ஒரு தளத்துக்கு, ஓவியம் வேறொரு பக்கத்துக்கு என்று பிரித்துவிடுங்கள். ஓவியப் பக்கத்தில் முடித்த படம் மட்டும் வேண்டாம். தூக்கணாங்குருவிக் கூடு தொப்பி மாதிரி பாதியில் நிற்கும்போதே பெட்டை வந்து பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பாதிக் கூட்டை நீங்கள் அழித்து அழித்து வரைந்த பென்சில் தாளையும் போடுங்கள். வரைகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். பெயர் தப்பு என்று யாராவது திருத்தினால் நன்றி சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒன்றுபோலவே தெரியும் குளிர்காலத்து உள்ளான்களில் தடுமாறாதவர் யார்?

உங்கள் வீட்டுக்காரரிடம் வாதம் செய்ய வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். நீங்கள் எண்ணுங்கள், அவர் எழுதட்டும். நாமக்கோழி கூட்டமாக இறங்கிவிட்டால் எண்ணவும் எழுதவும் ஒரே ஆளால் முடியாது என்பது அவருக்கே தெரிந்துவிடும்.