பழைய கார்ட்டியே கைக்கடிகாரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற கார்ட்டியே டாங்க் கடிகாரம் முழுத் தங்கமா?

பதில்: பின்மூடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 925 என்றிருந்தால் வெள்ளி. மேலே 20 மைக்ரான் தங்க முலாம். 1977 முதல் 'மஸ்ட்' வரிசையில் கார்ட்டியே நிறுவனமே விற்றது. போலி அல்ல, அபூர்வமும் அல்ல. பாரிஸில் செய்த 18 காரட் தங்கமென்றால் கழுகுத் தலை முத்திரை இருக்கும். குருணையளவுதான், நகைப் பட்டறையில் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் லென்ஸ் வேண்டும்.

கேள்வி: ரோமன் எண் ஏழுக்குள் பொடி எழுத்தில் 'கார்ட்டியே' என்று இருக்க வேண்டுமாமே? என் 1950களின் கடிகாரத்தில் இல்லை.

பதில்: பதற வேண்டாம். அந்த வழக்கம் பரவியது 1970களில். உங்கள் டயலில் அது இருந்திருந்தால்தான், பிறகு மாற்றிய டயலோ என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

கேள்வி: விற்கும் முன் பாலீஷ் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 1917இல் லூயி கார்ட்டியே இதை வரைந்தபோது, மேலிருந்து பார்த்த ரெனோ பீரங்கி வண்டியின் வடிவமே மனத்தில் இருந்தது என்பார்கள். டயலின் இருபுறமும் ஓடும் தங்கச் சட்டங்கள்தான் அதன் சங்கிலித் தடங்கள். அந்தச் சட்டங்களின் விளிம்பு கூராக நிற்கும்வரைதான் அது டாங்க். என்னிடம் வந்த ஒன்றில் விளிம்புகள் தேய்ந்த சோப்புக்கட்டி போல உருண்டிருந்தன. முத்திரையில் கழுகின் அலகைக் காணவில்லை. பழைய கீறல்களுடன் வந்திருந்தால் இரு மடங்கு விலை சொல்லியிருப்பேன். போன தங்கத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது. எடை போட்டுச் சேதாரம் கழிக்கும் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள். அங்கே அதற்கு உலோக விலைதான்.

கேள்வி: கார்ட்டியேவின் நெளிந்த 'கிராஷ்' கடிகாரம் விபத்தில் உருகிய வடிவமா?

பதில்: கட்டுக்கதை. 1967இல் லண்டன் கிளையில் ழான்-ஜாக் கார்ட்டியேவும் ரூபர்ட் எமர்சனும் திட்டமிட்டே உருவாக்கினார்கள். அந்த ஆண்டில் செய்த ஒன்று 2022 ஏலத்தில் 15 லட்சம் டாலரைத் தாண்டியது.

கேள்வி: தினமும் சாவி கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடுங்கள். கட்டியபடியே குமிழைத் திருகினால் அதன் தண்டு வளையும். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கை கழுவும்போதும் கழற்றி வையுங்கள். நீலக்கல் பதித்த அந்தக் குமிழின் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கும்.