"கையெழுத்து போட்டுட்டு போ"ன்னு அண்ணன் சொல்றான், நான் என்ன செய்யட்டும்?

வணக்கம் மேடம். எனக்கு வயசு 44, பொறந்தது திண்டுக்கல் பக்கம் கிராமம், கட்டிக்குடுத்தது திருப்பூர்ல. அப்பா போன ஐப்பசில தவறிட்டாரு, உயில் எதுவும் எழுதல, வீடும் தோட்டமும் அவர் பேருலதான் இருக்கு. முதல் திதி கூட இன்னும் வரல, அதுக்குள்ள அண்ணன் போன் பண்ணி, பத்திர ஆபீஸுக்கு வந்து, என் பங்கு வேணாம்னு எழுதிக்குடுக்குற விடுதலை பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டு போம்மாங்குறான், கேக்கல மேடம், சொல்றான். என் பொண்ணு காதுகுத்து, சடங்கு எல்லாத்துக்கும் தாய்மாமனா தட்டு தட்டா சீர் எறக்குனவன், கொரோனா சமயத்துல வீட்டுக்காரருக்கு வேலை இல்லாதப்ப அரிசி மூட்டை அனுப்புனவன், அவன்கிட்ட எனக்கும் பங்கு இருக்குல்லன்னு எந்த வாயால கேக்குறது? வீட்டுக்காரரு போடவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அம்மா அண்ணன்கூடதான் இருக்காங்க, நீ பங்கு கேட்டா மதினி உன்ன வாசப்படி ஏத்த மாட்டா, எனக்கப்புறம் உனக்கு பொறந்த வீடு வேணாமான்னு அழறாங்க. ராத்திரி தூக்கமே இல்ல, காசுக்கு அலையிறேனோன்னு என் மேலயே வெறுப்பா இருக்கு.

பதில்:

வணக்கம் சகோதரி. தோட்டம் எத்தன சென்ட், என்ன விலை போகும்னு நீங்க ஒரு எடத்துல கூட எழுதல. "கேக்கல, சொல்றான்"னுதான் எழுதியிருக்கீங்க, வலி அங்க இருக்கு. அப்பா போன துக்கமே இன்னும் ஆறல, அதுக்குள்ள அந்த வீட்டுல நம்மள ஆளா மதிக்கலையேன்னு தோணுனா யாருக்குத்தான் தூக்கம் வரும்?

அண்ணன் செஞ்ச சீரு பாசத்துல செஞ்சது, அத பங்குக்கு ஈடா எழுதி வச்சுக்காதீங்க. (இந்த கணக்க நெறைய வீட்டுல அண்ணனுங்க போடறதே இல்ல, சுத்தி இருக்கறவங்கதான் போட்டு தங்கச்சி தலையில வைக்கிறாங்க.)

சட்டத்தையும் சொல்லிடறேன், தெரியாம பயந்துக்கிட்டு இருக்கறத விட தெரிஞ்சுக்கறது நல்லது. அப்பா சொந்தமா சம்பாதிச்ச சொத்துன்னா, அவர பெத்த அம்மா இப்ப இல்லன்னா, இந்து வாரிசுரிமை சட்டப்படி உங்கம்மா, அண்ணன், நீங்க மூணு பேருக்கும் சம பங்கு. பூர்வீக சொத்துன்னா கணக்கு வேற, ஆனா அங்கயும் பொண்ணுக்கு பையனுக்கு இருக்குற அதே உரிமை உண்டு. தமிழ்நாட்டுல 1989லயே இது வந்துச்சு, அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு மட்டும், 2005ல கல்யாணம் ஆனவங்களுக்கும் குடுத்துட்டாங்க. விடுதலை பத்திரம் பதிஞ்சிட்டா திரும்ப வாங்கறது ரொம்ப கஷ்டம், அதனால தாய்ப்பத்திரத்தையும் வில்லங்க சான்றிதழையும் ஒரு வக்கீல்கிட்ட காட்டாம போடாதீங்க.

போடுறதா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். அண்ணனுக்கே இருக்கட்டும்னு மனசார விட்டுக்குடுத்தா அதுவும் உங்க உரிமைதான். ஆனா வயித்தெரிச்சலோட போட்டீங்கன்னா, மதினி வாசப்படி ஏத்தாம இருக்கறது இருக்கட்டும், நீங்களே பொங்கலுக்கு போகாம, போன் எடுக்காம கொஞ்சம் கொஞ்சமா விலகிடுவீங்க, இத நான் நெறைய பேருகிட்ட பாத்துட்டேன். வீட்டுக்காரரு சொல்றாருன்னு போடாம இருந்தாலும் அதே கதைதான், அப்பவும் முடிவு உங்களோடது இல்லையே.

அம்மா வழியா பேசாதீங்க, அண்ணன்கிட்ட நேரா பேசுங்க. "அண்ணே, நான் சண்டைக்கு வரல, முடியாதுன்னும் சொல்லல, திதி முடியட்டும், உக்காந்து பேசுவோம்." இவ்வளவு போதும். தூக்கம் இப்படியே வராம இருந்தா டாக்டர பாருங்க, 14416க்கு போன் பண்ணா அரசாங்கத்தோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ்ல தமிழ்லயே இலவசமா பேசலாம்.

இன்னொண்ணு, அம்மாவுக்கும் அந்த சொத்துல பங்கு இருக்குன்னு உங்க கடிதத்துல யாருமே நெனச்ச மாதிரி தெரியல. அவங்களும் கையெழுத்து போட்டு குடுக்கப்போறாங்களா? அப்படின்னா, கடைசி வரைக்கும் அவங்கள பாத்துக்கணும்ங்குற நிபந்தனைய பத்திரத்துலயே எழுதணும், பின்னால பாத்துக்கலன்னா 2007 முதியோர் பராமரிப்பு சட்டத்துல ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) முறையிட அது உதவும். அடுத்த தடவை ஊருக்கு போறப்ப மதினி, அண்ணன் யாரும் இல்லாத நேரமா பாத்து அம்மாவுக்கு என்ன வேணும்னு கேளுங்க.