ஒரே வழக்கில் இரண்டு அரசுத் துறைகள் முரண்பட்டால் அரசு வழக்கறிஞர் யார் பக்கம் நிற்க வேண்டும்?

அரசின் பக்கம். மழுப்பலாகத் தோன்றலாம், ஆனால் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 300-வது பிரிவின்படியும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 79-வது பிரிவின்படியும் வழக்கு மாநிலத்தின் பெயரில்தான் நடக்கும். வனத்துறையும் வருவாய்த் துறையும் சட்டத்தின் முன்னால் தனித்தனி ஆட்கள் இல்லை.

உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் ஒருவரிடம் சில காலம் ஜூனியராக இருந்தேன். அங்கே திரும்பத் திரும்பப் பார்த்த வழக்கு இது. மலையடிவாரத்தில் ஒரு நிலம், பட்டா கேட்டு விவசாயி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டிருப்பார். எதிர்மனுதாரர்கள் கலெக்டர், தாசில்தார், மாவட்ட வன அலுவலர். வருவாய்ப் பதிவேட்டில் அந்த சர்வே எண் தரிசு என்று இருக்கும். வனத்துறைக் கோப்பிலோ, காப்புக்காடாக்கப் போவதாகச் சொல்லும் 1882-ம் வருடத் தமிழ்நாடு வனச் சட்டத்தின் 4-வது பிரிவு அறிவிக்கை இருக்கும். காப்புக்காடு என்று முடிவாக அறிவிக்கும் 16-வது பிரிவு அறிவிக்கை மட்டும் பல வருடங்களாக வந்திருக்காது. மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் தாசில்தார் எழுதி அனுப்பும் பதிலான பத்திவாரிக் குறிப்புரை ‘ஆட்சேபணை இல்லை’ என்னும். வனத்துறை ரேஞ்சர் அனுப்பியது நேர் எதிராக இருக்கும். இரண்டு கோப்புக் கட்டும் அரசு வழக்கறிஞரின் ஒரே மேஜைக்கு வந்து சேரும்.

எந்த அதிகாரி அழுத்திப் பேசினாரோ அவர் சொன்னபடி கவுன்ட்டர் (பதில் மனு) போட்டுவிட்டு மற்ற கட்டை மூடி வைப்பதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய தவறு. அது நீதிமன்றத்துக்குப் பாதி உண்மையைச் சொல்வது. யார் சொல்வது சரி என்று வழக்கறிஞரே தீர்த்துவைக்கவும் முடியாது, அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. முரண்பாட்டை எழுத்தில் வைத்து, இரண்டு துறைச் செயலாளர்களுக்கும், தேவைப்பட்டால் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலுக்கும் அனுப்பி, அரசின் நிலைப்பாடு என்ன என்று கேட்டு வாங்க வேண்டும். என் சீனியர் நீதிபதியிடம் நேராகவே சொல்லிவிடுவார்: “இரண்டு துறையும் வேறு வேறு சொல்கிறார்கள், அரசு முடிவெடுக்க நான்கு வாரம் வேண்டும்.” அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

ஆந்திராவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலம் ஒன்றுக்காகத் தலைமை வனப் பாதுகாவலர் ஒரு பக்கம், கலெக்டர் மறுபக்கம். ஒரே அரசின் இரண்டு துறைகள் கோர்ட்டில் சண்டை போடுவது பொதுப்பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவது என்று 2003-ல் நீதிமன்றம் கண்டித்தது. தலைமைச் செயலாளரும் சம்பந்தப்பட்ட துறைகளின் செயலாளர்களும் சட்டத்துறைச் செயலாளரும் அடங்கிய குழு முடிவெடுக்க வேண்டும், அது துறைகளைக் கட்டுப்படுத்தும் என்றது. குழு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு, எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் வழக்கில் வந்த இதேபோன்ற குழு ஏற்பாடு தாமதத்தைத்தான் தந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைக் கைவிட்டது.

மாநகராட்சி, குடிநீர் வாரியம், மாநிலத் தேர்தல் ஆணையம் போன்றவை வேறு கதை. அவை துறைகள் இல்லை, அவற்றுக்குத் தனி வழக்கறிஞர் உண்டு. மாநகராட்சிக்கு ஒரு விஷயத்தில் ஆலோசனை சொன்னவர், அதே விஷயத்தில் அரசுக்காக மாநகராட்சிக்கு எதிராக ஆஜராகக் கூடாது. பார் கவுன்சில் விதி 33 அதைத் தடுக்கிறது. அங்கே நம்பிச் சொன்ன தகவலை இங்கே பயன்படுத்தவும் கூடாது. பதவியில் இருப்பவர் வற்புறுத்தினாலும் விலகிக்கொள்வதுதான் முறை.

இதற்கெல்லாம் நடுவில் மாட்டிக்கொள்வது அந்த விவசாயி. வாய்தாவுக்கு வாய்தா வேறு துறை, வேறு பதில். நீங்கள் மனுதாரர் தரப்பில் இருந்தால் ஒன்று செய்யுங்கள்: துறைக்கொரு கவுன்ட்டர் வரும்வரை காத்திருக்காமல், அரசு ஒரே நிலைப்பாட்டை ஒரே பிரமாணப் பத்திரத்தில் சொல்ல உத்தரவிடும்படி கேளுங்கள். 2003 தீர்ப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.