கனவுக்கு எந்த அடைமொழி?

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகி வருகிறேன். என் கதைநாயகி காணும் கனவை 'விசித்திரமான, மர்மமான, பயங்கரமான கனவு' என்று வருணித்திருந்தேன். படித்துப் பார்த்த தோழி, அந்தக் கனவு கண்ணில் தெரியவே இல்லை என்கிறாள். இன்னும் வலுவான பெயரடைகளைத் தேட வேண்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வலுவான சொல்லைத் தேடினால் 'அமானுஷ்யமான', 'அதிபயங்கரமான' என்று போய் நிற்பீர்கள், அப்போதும் கனவு தெரியாது. நீங்கள் எழுதிய மூன்று அடைகளும், கண்விழித்தவர் தம் கனவைப் பற்றி வழங்கும் தீர்ப்புகள். கனவுக்குள் இருப்பவருக்கு அதில் எதுவும் விசித்திரமாகப் படுவதில்லை. என்றோ இறந்துபோன பாட்டி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே 'உட்காரு' என்றால், நாம் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். இதற்கு உடலியல் காரணமும் உண்டு. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்ட விரைவு விழியசைவு உறக்கத்தில்தான் தெளிவான கனவுகள் மிகுதியாக வருகின்றன. அந்த நேரத்தில் உணர்ச்சியையும் காட்சியையும் கையாளும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாக இயங்க, 'இது நடக்கக்கூடியதா' என்று நிறுத்தி விசாரிக்கும் முன்மூளைப் பகுதிகள் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே விசாரணைச் சொற்களை விலக்கிவிட்டு, கண்ட பொருளின்மேல் ஒட்டியிருக்கும் அடைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆண்டாளைவிடச் சிறந்த ஆசிரியர் நமக்கு இல்லை. வைணவத் திருமணங்களில் இன்றும் ஓதப்படும் 'வாரணமாயிரம்' பதிகம் முழுவதும் ஒரு கல்யாணக் கனவு. அதில் 'மத்தளம் கொட்ட வரிசங்கம் நின்றூத, முத்துடைத் தாமம் நிரைதாழ்ந்த பந்தற்கீழ்' என்ற அடிகளைப் பாருங்கள். 'அழகான பந்தல்' என்றோ 'இனிமையான சங்கொலி' என்றோ அவர் சொல்லவில்லை. சங்குக்கு அதன் மேலுள்ள வரி. மாலைக்கு அதன் முத்து. பந்தலுக்கு அந்த மாலைகள் வரிசையாகத் தாழ்ந்து தொங்கும் நிலை. அழகு என்ற முடிவுக்கு நாமே வந்து சேர்கிறோம்.

இந்த வேலையைச் செய்யத் தமிழில் பெயரெச்சம் என்ற அருமையான வசதி இருக்கிறது. ஒரு முழு நிகழ்ச்சியையே அடையாக்கிப் பெயருக்கு முன்னால் நிறுத்திவிடலாம். 'பயங்கரமான கிணறு' என்பதற்குப் பதிலாக 'இறங்க இறங்கக் காலடியில் வானம் தெரிகிற கிணறு' என்று எழுதிப் பாருங்கள். அதிலும் எதிர்மறைப் பெயரெச்சம் கனவுக்கென்றே வாய்த்தது போல் இருக்கும்: நனைக்காத மழை, ஓடியும் நகராத கால்கள். விழிப்புலகின் நியதியையும் அது உடைந்துபோனதையும் ஒரே சொல் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒரு காட்சிக்கு ஒன்று போதும். மூன்றை அடுக்கினால் கனவு மறைந்து எழுதுபவரின் சாமர்த்தியம்தான் முன்னால் நிற்கும்.

கேள்வி: கனவு கறுப்பு வெள்ளையில்தான் வரும் என்கிறார்களே, நிற அடைகளைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், தேனி

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் கேட்டபோது பலரும் கறுப்பு வெள்ளைக் கனவுகளைப் பற்றிச் சொன்னது உண்மை; பிற்காலத்தில் அப்படிச் சொல்வோர் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளைத் திரைப்படமும் தொலைக்காட்சியும் அன்று பரவியிருந்ததை இதற்கு ஒரு காரணமாகக் கருதுகிறார்கள். எழுதும்போது 'வண்ணமயமான' என்பதைத் தவிர்த்து, மாந்துளிர், மயில்கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை என்று நம் ஜவுளிக்கடையில் புழங்கும் பெயர்களில் ஒன்றை ஒரே ஒரு பொருளுக்குக் கொடுங்கள். மற்றவற்றை நிறமில்லாமல் விட்டால் அந்த ஒன்று எடுப்பாகத் தெரியும்.

கேள்வி: 'பயங்கரமான' என்ற சொல் இல்லாமல் கெட்ட கனவின் அச்சத்தை எப்படிக் கொண்டுவருவது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சிலப்பதிகாரத்தின் 'கனாத்திறம் உரைத்த காதை'யில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்லும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். 'கடுக்கும் என் நெஞ்சம்' என்று தொடங்குகிறாள். கலக்கத்தை நெஞ்சின்மேல் ஏற்றினாளே தவிர, கனவின்மேல் ஓர் அடையும் ஏற்றவில்லை. கணவன் கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஊரை 'ஓர் பெரும்பதி' என்று மட்டும் சொல்கிறாள். பெயர் தெரியாத, பெரிய ஊர் என்பதே நம்மைக் கலங்க வைக்கப் போதுமானதாக இருக்கிறது. அந்த ஊரார் சொன்ன பழி 'படாததொரு வார்த்தை', பொருந்தாத பேச்சு. அதை அவர்கள் 'இடுதேள் இட்டு'ச் சொன்னார்கள், அதாவது தேளல்லாத ஒன்றைத் தேளென்று மேலே போட்டு மிரட்டுவதுபோல. பொய்ப்பழி என்ற அருவமான பொருள் இங்கே உடம்பின்மேல் வந்து விழுகிறது. 'இடு' என்ற இரண்டெழுத்து அடை இல்லாவிட்டால் அது வெறும் தேள்தான்.

எனவே அச்சத்தைக் கனவு கண்டவரின் உடலில் வையுங்கள்: வறண்ட நாக்கு, மரத்துப்போன விரல்கள், குரல் எழும்பாத தொண்டை. 'பயங்கரமான கனவு' என்ற தொடரையும் அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் உங்கள் பாத்திரம் காபி ஆற்றிக்கொண்டே, 'ராத்திரி பயங்கரமான கனவுக்கா' என்று அக்காவிடம் சொல்வது மிக இயல்பாக இருக்கும். அங்கே பேசுபவர் கண்விழித்தவர்.