குழாயைத் திறந்துவிட்டு ஊசி

கேள்வி: எனக்கு 54 வயது. பல வருடமாகச் சர்க்கரை. இப்போது காலையும் இரவும் இன்சுலின். பிப்ரவரியில் மகன், மருமகள், சம்பந்தி வீட்டார் என எல்லோருமாக டெல்லி சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறோம். போன வருடம் மைசூர் போயிருந்தபோது, ஹோட்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். எல்லோரும் தயாராகி டிபனுக்குப் போவதற்குள் அரண்மனை திறந்துவிட்டது, பார்த்துவிட்டே சாப்பிடலாம் என்றார்கள். உள்ளே போனதும் கைகால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான் காரணம் என்று சம்பந்தியம்மா மோர் வாங்கிக் கொடுத்தார். என்னால் எல்லோருக்கும் அன்றைய நாளே கெட்டது. டெல்லிக்குப் போகலாமா, வீட்டிலேயே இருந்துவிடட்டுமா? இவர் ‘உன் இஷ்டம்’ என்கிறார்.
பெயர் வேண்டாம், கரூர்.

பதில்: டெல்லி இருக்கட்டும். அந்தக் குழாயை எதற்கம்மா திறந்தீர்கள்?

ஊசி போடுவது வெளியே கேட்கவா போகிறது? முகம் கழுவுகிறீர்கள் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்றுதானே? மருமகளுக்கும் சம்பந்திக்கும் உங்கள் சர்க்கரை விஷயம் தெரியாது. நீங்கள் அதை எழுதவில்லை, அந்த மோர் சொல்லிவிட்டது. தெரிந்தவர் யாராவது சர்க்கரை இறங்கி நடுங்குகிறவருக்கு உப்பு போட்ட மோரைக் கொடுப்பாரா?

மகனுக்குப் பெண் பார்த்தபோது யாரோ ‘இப்போது எதற்கு அதெல்லாம்’ என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு வரும் கடிதங்களில் இது பழைய கதை. பெண் வீட்டார் இப்படி ஒரு வியாதியை மறைத்துக் கட்டிக்கொடுத்திருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா? ஊரைக் கூட்டியிருப்பீர்கள். நாளைக்குப் பேரப்பிள்ளை வரப்போகிற வீடு. குடும்பத்தில் சர்க்கரை உண்டு என்பது அந்தப் பெண் தெரிந்துகொண்டே ஆகவேண்டிய விஷயம்.

உங்களால் நாள் கெட்டது என்கிறீர்கள். இன்சுலின் போட்டால் டாக்டர் சொன்ன நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். அதோடு நடக்கவும் செய்தால் இன்னும் வேகமாக இறங்கும். ‘ஊசி போட்டாச்சு, நான் சாப்பிட்டுத்தான் வருவேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது. கெடுத்தது வியாதி இல்லை, உங்கள் வாய் மூடியிருந்ததுதான்.

உங்கள் வீட்டுக்காரரையும் விட மாட்டேன். எல்லாம் தெரிந்த மனிதர், மோர் வாங்கும்போது பக்கத்தில்தானே நின்றிருப்பார்? ‘உன் இஷ்டம்’ என்பது மரியாதையாகத் தெரியலாம். எனக்கு அது கைகழுவுகிற பேச்சாகத்தான் படுகிறது.

இப்போது டெல்லிக்கு வருவோம். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனால் இரண்டு ராத்திரி, ஒரு பகல். ஆடுகிற ரயில் கழிப்பறையில் நின்றுகொண்டா ஊசி போடுவீர்கள்? செங்கோட்டையில் லாகூர் வாசலுக்குள் நுழைந்து, சத்தா சௌக் கடைகளைத் தாண்டி, திவான்-இ-ஆம் போய், அப்புறம் உள்ளே இருக்கும் மாளிகைகளையும் பார்த்துத் திரும்பினால் கால் கெஞ்சிவிடும். அக்ஷர்தாமில் பை, செல்போன் எதையும் உள்ளே விடுவதில்லை. வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அந்தக் கூட்டத்தில் இவரை விட்டுப் பிரிந்து நீங்களும் மருமகளும் மட்டும் நடந்துகொண்டிருக்கும்போது நடுக்கம் வந்தால்? அந்தப் பெண் மறுபடி மோர்தான் தேடுவாள்.

அவளுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பேச்சில் குழறல் என்று எது வந்தாலும் உடனே மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மெஷினில் பார்த்து, 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுக்கலாம். சரியானதும் சாப்பாடு. மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். சம்பந்தியம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அக்கறையாக ஓடிப்போய் மோர் வாங்கிய மனுஷி, இதைக் கற்றுக்கொள்ள மாட்டாரா?

வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்ற பேச்சு வேண்டாம். அது தியாகம் இல்லை, ஒளிந்துகொள்ள இன்னொரு பாத்ரூம். போங்கள். குதுப்மினாருக்குள் 1981இல் நெரிசலில் பலர் இறந்த பிறகு பொதுமக்களை ஏறவிடுவதில்லை, அதனால் அங்கே எல்லோருமே உங்களைப் போலக் கீழே நின்றுதான் அண்ணாந்து பார்க்கவேண்டும். ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்று போதும். திங்கட்கிழமை செங்கோட்டையும் கிடையாது, அக்ஷர்தாமும் கிடையாது, அன்றைக்கு ஓய்வெடுங்கள். பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்காதீர்கள், பழகியதே போதும். இன்சுலினை ஐஸ் கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோனால் அதை எறிய வேண்டியதுதான். கைப்பையில், மருந்துச் சீட்டோடு இருக்கட்டும். மெட்ரோவில் பையைச் சோதிக்கும்போது ஊசியைப் பற்றிக் கேட்டால் காட்டலாம்.

சொல்வதை ரயிலில் வைத்துக்கொள்ளாதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே மருமகளிடம் சொல்லுங்கள். நீங்களே சொல்லவேண்டும், மகனைத் தூது அனுப்பக்கூடாது. கோபப்பட்டால் படட்டும், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போய், அதிகம் நடக்கிற நாட்களில் ஊசியின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள்.